மட்டக்களப்பிலிருந்து மின்னூல் வெளியிட விரும்புவோருக்கு: பாமினிக் கோப்பிலிருந்து கிண்டில் வரை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ சொந்தச் செலவில் ஒரு நூலை அச்சிட்ட பலரிடம் இன்று எஞ்சியிருப்பவை, வெளியீட்டு விழாவுக்குப் பின் அலுமாரியில் அடுக்கிய பிரதிகளும், அச்சகத்தார் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த ஒரு பிடிஎஃப் கோப்பும்தான். டொரன்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் உறவினர்கள் மின்னூல் உண்டா என்று கேட்டால், அந்தப் பிடிஎஃப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மின்னூல் வெளியிட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊர்க் கூத்துப் பாடல்களின் தொகுப்பொன்றை முறையான மின்னூலாக்க முயன்றபோது, தேவையான தகவல்கள் ஓரிடத்திலும் ஒன்றாகக் கிடைக்காமல் மிகவும் அலைந்தேன். அடுத்தவர் அப்படி அலையக்கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய ஒழுங்கில் இங்கே தருகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: மின்னூல் வேலையில் பெரும்பகுதி எழுத்தைச் சுத்தப்படுத்துவதுதான். சுத்தமான எழுத்து கையில் இருந்தால் எஞ்சியவை சில மாலைப்பொழுதுகளில் முடிந்துவிடும்.

1. எந்த வடிவம் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தின் படம் போன்றது. ஏ4 தாளுக்கு அமைத்த பக்கத்தைத் தொலைபேசியில் திறந்தால் எழுத்து கடுகளவாகும். பெருப்பித்தால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் தள்ள வேண்டியிருக்கும். அட்டவணைகள் நிறைந்த நூல்களுக்கும் அச்சுக்கும் அது பொருத்தமானது. கதை, கவிதை, கட்டுரை வாசிக்க ஏற்றதல்ல.

ஈபப் என்பது திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமாக ஒழுங்காகும் வடிவம். உள்ளே பார்த்தால் அது ஒரு சிப் பொதிதான். அத்தியாயங்கள் இணையப் பக்கங்களாகவும், தோற்றம் நடைத்தாளாகவும், படங்களும் எழுத்துருக்களும் தனித்தனிக் கோப்புகளாகவும் அதற்குள் இருக்கும். இதன் நியமத்தை இப்போது இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பேணுகிறது. 2023 மே மாதத்தில் பரிந்துரையாக வெளியான 3.3ஆம் பதிப்பே நீங்கள் பின்பற்ற வேண்டியது. மென்பொருளில் ஈபப் 2, ஈபப் 3 என்று இரண்டு தெரிவுகள் காட்டினால் யோசிக்காமல் 3ஐத் தெரிவுசெய்யுங்கள்.

அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியும் செயலியுமான கிண்டிலுக்குத் தனி வடிவங்கள் உண்டு. அவற்றை நீங்கள் உருவாக்கத் தேவையில்லை. ஈபப் கோப்பை ஏற்றினால் அமேசானே மாற்றிக்கொள்ளும். கிண்டிலின் பழைய வடிவமான மோபி கோப்பு கேட்கும் வழிகாட்டிகளும் காணொளிகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மோபியின் காலம் முடிந்துவிட்டதால் அவற்றை நம்பி நேரத்தைச் செலவிடாதீர்கள், மோபி செய்து தருவதாகக் கட்டணம் கேட்பவருக்குப் பணமும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு நல்ல ஈபப் கோப்பு எல்லாவற்றுக்கும் மூலமாக இருக்கட்டும்.

2. உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

இதைப் பின்போடுபவர்களே அதிகம். முழு வேலையும் முடிந்தபின் நின்றுபோவதும் இங்கேதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. 1947இல் காலமான காரைதீவு விபுலானந்த அடிகளின் எழுத்துகளை எவரும் மின்னூலாக்கலாம். ஆனால் அண்மைக் காலத்தில் ஒருவர் பதிப்பித்து, முன்னுரையும் குறிப்பும் எழுதிய பதிப்பிலிருந்து அந்த முன்னுரையையும் குறிப்புகளையும் எடுக்க முடியாது, அவை அவருக்குரியவை.

உங்கள் சொந்த நூலென்றாலும் நான்கு விடயங்களைச் சரிபாருங்கள்: அட்டை ஓவியம், உள்ளே வரும் ஒளிப்படங்கள், அணிந்துரைகள், அச்சுப் பதிப்பாளருடன் செய்த உடன்பாடு. ஓவியர் அச்சுக்கென்று வரைந்து கொடுத்ததை மின்னூலுக்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரின் ஒப்பமும் வேண்டும். மூத்தவர் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் வெளிநாட்டிலிருக்கும் இளையவர் பின்னர் ஆட்சேபித்தால் விற்பனைத் தளம் நூலை நீக்கிவிடக்கூடும்.

3. எழுத்தை யுனிகோட்டுக்குக் கொண்டுவாருங்கள்

எங்கள் பகுதியின் அச்சகங்களில் தட்டச்சு செய்த பழைய நூல்களில் மிகப் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் தமிழாகத் தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஒரு சொல்லும் மிஞ்சாது. கிண்டிலும் தேடுபொறியும் குரல்வாசிப்பும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யுனிகோட்டில் உள்ள தமிழை மட்டுமே அறியும். ஆகவே அச்சகத்தாரிடம் பிடிஎஃப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பேஜ்மேக்கர், இன்டிசைன் அல்லது வேர்ட் மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். நான் சென்ற ஓர் அச்சகத்தில் கணினியை மாற்றியபோது எல்லாம் அழிந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். புதிய நூல் அச்சிடப் போகிறவர்கள், மூலக்கோப்பையும் தர வேண்டும் என்பதை முற்பணம் கொடுக்கும் நாளிலேயே விலைக்கூற்றில் எழுதச் சொல்லுங்கள்.

பாமினியை யுனிகோட்டாக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் பல உண்டு. அத்தியாயம் அத்தியாயமாக ஒட்டி மாற்றுங்கள். முழு நூலையும் ஒரேயடியாக ஒட்டினால் இடையில் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க முடியாது. மாற்றியபின் பின்வரும் பிழைகளைக் கட்டாயம் தேடுங்கள்.

முதலாவது, ரகரமும் துணைக்காலும். பாமினியில் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ ஆகியவற்றைத் துணைக்காலின் விசையை அழுத்தித்தான் தட்டச்சு செய்வார்கள். தரம் குறைந்த மாற்றி அதை அப்படியே துணைக்காலாக விட்டுவிடும். ‘அவர்கள்’ என்ற சொல்லில் ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியும் நிற்கும். சில எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால் மெய்ப்புப் பார்ப்பவர் கடந்துபோய்விடுவார், ஆனால் வாசகர் ‘அவர்கள்’ என்று தேடினால் கிடைக்காது. வேர்டின் தேடி மாற்றும் வசதியில் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி ‘ர்’ என்று மாற்றுங்கள். துணைக்காலுடன் இகர, ஈகாரக் குறிகள் வருமிடங்களையும் இப்படியே திருத்துங்கள்.

இரண்டாவது, ‘ஔ’ என்னும் ஒரே எழுத்து வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்பது. மூன்றாவது, நூலில் இருந்த ஆங்கிலச் சொற்கள், அடைப்புக்குறிகள், மேற்கோள்குறிகள் ஆகியவற்றையும் மாற்றி தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடுவது. உசாத்துணைப் பட்டியலில் இது கொத்துக்கொத்தாக வரும். நான்காவது, ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்பது. பிடிஎஃப்பிலிருந்து நேரடியாகப் படியெடுத்து ஒட்டினால் கொம்புகள் பக்கத்து எழுத்துக்குத் தாவியிருக்கும்; அதைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்வது சில வேளை விரைவானது.

மூலக்கோப்பு இல்லை, அச்சுப் பிரதி மட்டுமே இருக்கிறது என்றால், பக்கங்களை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் மூலம் திறவுங்கள்; படத்திலுள்ள தமிழை அது எழுத்தாக மாற்றித் தரும். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. தெளிவான அச்சுக்கு வியக்கத்தக்க அளவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கொம்பு வைத்த பழைய ‘ணை’, ‘லை’ வடிவங்கள் உள்ள நூல்களிலும் மை பரவிய தாள்களிலும் பிழைகள் பெருகும்.

எழுத்துத்திருத்தி மென்பொருளைத் தானியங்கியாக ஓடவிடாதீர்கள். ‘மறுகா’, ‘குளுத்தி’ போன்ற எங்கள் பகுதிச் சொற்களைப் பிழையென்று அடிக்கோடிட்டு வேறெதையோ பரிந்துரைக்கும். ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பேச்சுவழக்கில் எழுதிய உரையாடல் முழுவதும் பாழாகிவிடும். மெய்ப்புப் பார்க்க, அந்தப் பேச்சை அறிந்த ஒருவரையே அமர்த்துங்கள். தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் கூலியைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, பக்கம் என்பது எத்தனை சொற்கள் என்பதையும் அப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிணக்குகள் வருவது அதில்தான்.

4. ஈபப் கோப்பை உருவாக்குங்கள்

தேவையான மென்பொருட்கள் யாவும் இலவசம்: எழுதுவதற்கு லிப்ரே ஒபிஸ், வடிவமாற்றத்துக்குக் கலிபர், உள்ளே திருத்துவதற்குச் சிஜில். லிப்ரே ஒபிஸ் 6.0 பதிப்பிலிருந்து நேரடியாகவே ஈபப்பாக ஏற்றுமதி செய்கிறது. கூகுள் டொக்ஸிலும் அந்த வசதி உண்டு.

ஒவ்வோர் அத்தியாயத் தலைப்புக்கும் ‘தலைப்பு 1’ என்ற பாணியைக் கொடுங்கள். எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் அது மனிதருக்குத்தான் தலைப்பு. மென்பொருளுக்கு அது சாதாரண வரி. பாணி கொடுத்திருந்தால் பொருளடக்கம் தானாக உருவாகும், ஒவ்வொரு வரியையும் தொட்டால் அந்த அத்தியாயம் திறக்கும். அச்சுப் பதிப்பிலிருந்த பக்க இலக்கங்கள், மேல்தலைப்புகள், ‘45ஆம் பக்கம் பார்க்க’ போன்ற குறிப்புகள் எல்லாவற்றையும் நீக்கி, தேவையான இடங்களில் இணைப்புக் கொடுங்கள்.

பத்திகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; தொலைபேசியின் குறுகிய திரையில் இரு பக்கமும் சமப்படுத்தினால் ஒரு வரியில் இரண்டு சொற்களும் நடுவில் ஓர் ஆறு ஓடும் அளவுக்கு வெற்றிடமும் தெரியும்.

பாடல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். வசந்தன் பாடலோ குளுத்திப் பாடலோ, ஓர் அடி திரையில் அடங்காமல் மடிந்தால், மடிந்த பகுதியைப் புதிய அடி என்று வாசகர் எண்ணிப் பாடிவிடுவார். சிஜிலில் நடைத்தாளைத் திறந்து, பாடல் பத்திக்கு இடப்பக்க ஓரம் இரண்டு எழுத்தகலமும், முதல் வரியின் உள்தள்ளல் கழித்தல் இரண்டு எழுத்தகலமும் கொடுங்கள். அடி தொடங்குமிடம் ஓரத்தை ஒட்டியும், மடிந்த பகுதி உள்ளே தள்ளியும் நிற்கும். இடைவெளி விசையைப் பலமுறை அழுத்தி ஒழுங்குபடுத்தியவை எல்லாம் மின்னூலில் குலைந்துபோகும்.

எழுத்துருவை உள்ளடக்க விரும்பினால் நோட்டோ செரிப் தமிழ் போன்ற திறந்த உரிமம் கொண்டவற்றையே பயன்படுத்துங்கள். எழுத்தின் நிறத்தைக் கறுப்பு என்று நிலைநிறுத்தாதீர்கள். வேர்டிலிருந்து வரும் கோப்புகளில் இது ஒளிந்திருக்கும், இரவுநேர வாசிப்பில் கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்தாக முழு நூலும் மறைந்துவிடும். நூலின் பெயர், ஆசிரியர், மொழி போன்ற விபரங்களைக் கொண்ட மீத்தரவில் மொழியைத் தமிழென்று தெரிவுசெய்யுங்கள். ஆங்கிலம் என்றிருந்தால் பார்வையற்ற வாசகரின் குரல்வாசிப்பி தமிழை வாசிக்கத் தடுமாறும். அவர்களுக்காகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கமும் சேர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 யூன் 28 முதல் மின்னூல்களுக்கும் பொருந்துவதால், பாரிஸிலும் பெர்லினிலும் விற்க எண்ணுவோர் இதை விட்டுவைக்கலாகாது.

அட்டைப்படம் உயரம் 2560, அகலம் 1600 படப்புள்ளிகள் என்ற அளவில், ஜேபெக் வடிவில் இருக்கட்டும். அச்சு அட்டையை அப்படியே சுருக்கினால் நூலின் பெயர் விற்பனைத் தளத்தின் சிறுபடத்தில் தெரியாது; பெயரை மட்டுமாவது பெரிதாக்கி மீண்டும் அமைப்பியுங்கள்.

5. சோதித்துப் பாருங்கள்

முதலில் ஈபப்செக் என்ற இலவசக் கருவியில் கோப்பைச் சரிபாருங்கள். பிழைகள் பூச்சியமாகும்வரை எங்கும் ஏற்றாதீர்கள்.

அதன்பின் உண்மையான திரைகளில் பாருங்கள். எங்கள் வாசகர்களில் பெரும்பாலானோர் வாசிப்பது விலை குறைந்த அன்ட்ரொயிட் தொலைபேசியில். அத்தகைய ஒன்றை வீட்டிலுள்ள பிள்ளையிடம் இரவல் வாங்கி, கூகுள் பிளே புக்ஸ், ரீட்எரா ஆகிய இரண்டு செயலிகளிலாவது திறந்து, எழுத்தை ஆகப் பெரிதாக்கியும், இரவுநிலைக்கு மாற்றியும் பாருங்கள். ஐபோனில் அப்பிள் புக்ஸ் செயலி ஈபப்பை நேரடியாகத் திறக்கும். கணினியில் தோரியம் ரீடர் நல்லது.

கிண்டில் கருவி ஒன்றை இதற்கென்று வாங்கத் தேவையில்லை. அமேசானின் இலவசக் கிண்டில் பிரிவியூவர், கருவியிலும் தொலைபேசியிலும் நூல் எப்படித் தெரியும் என்று கணினியிலேயே காட்டிவிடும். ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர்கள், ஈபப்பை யூஎஸ்பி வழியாகப் போட்டுவிட்டுத் திறக்கவில்லை என்று குறைப்படுவதுண்டு. கிண்டில் அப்படித் திறக்காது. ‘சென்ட் டு கிண்டில்’ இணையப் பக்கத்தின் வழியாக 200 எம்பி வரையும், மின்னஞ்சல் வழியாக 50 எம்பி வரையும் அனுப்பலாம். கிண்டில் போன்ற வேறொரு வாசிப்புக் கருவியான கோபோ ஈபப்பை நேரடியாகவே ஏற்கும். அதை வைத்திருக்கும் கனடா உறவினர் ஒருவருக்கு அனுப்பி, எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருவை உள்ளடக்கியே ஆக வேண்டும்.

6. ஐ.எஸ்.பி.என். தேவையா என்று முடிவுசெய்யுங்கள்

ஐ.எஸ்.பி.என். என்பது நூல்களுக்கான பன்னாட்டு அடையாள இலக்கம். அமேசானில் மட்டும் விற்பதென்றால் அது தேவையில்லை; அவர்களே தமது அடையாள இலக்கம் ஒன்றைக் கொடுப்பார்கள். நூலகங்களும் பிற விற்பனைத் தளங்களும் நோக்கமென்றால், கொழும்பு 07இல் சுதந்திர அவனியூவில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெற வேண்டும். இலங்கை நூல்களின் இலக்கம் 978க்குப் பின் 955 அல்லது 624 என்று தொடரும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாளர், முகவரி, பதிப்பு, வடிவம் ஆகிய விபரங்களையும் தலைப்புப் பக்கத்தின் பிரதியையும் தயாராக வைத்துக்கொண்டு, இலக்கம் கைக்கு வந்தபின்னரே பதிப்புரிமைப் பக்கத்தை இறுதியாக்குங்கள். அச்சுப் பதிப்பின் இலக்கத்தை மின்னூலில் போடுவது இங்கே சர்வசாதாரணமாக நடக்கும் தவறு. அச்சுக்கு ஒன்று, ஈபப்புக்கு இன்னொன்று, பிடிஎஃப்பையும் விற்றால் அதற்கு வேறொன்று.

7. கிண்டிலில் விற்பனைக்கு வையுங்கள்

நூலாசிரியர்கள் தாமே நூலை வெளியிடுவதற்கான அமேசானின் தளம் கேடிபி. அதன் கணக்குக்குக் கட்டணம் இல்லை. தமிழ் மின்னூல்களை அது ஏற்கிறது. தமிழ் அச்சுநூலை அங்கே போட முடியாது.

கணக்கைத் திறக்கும்போது பெயரில் கவனமாக இருங்கள். தேசிய அடையாள அட்டையில் தந்தை பெயருடன் முழுப்பெயரும், வங்கிக் கணக்கில் முதலெழுத்துகளுடன் சுருங்கிய பெயரும் இருப்பது எங்களிடம் வழமை. வரிப் படிவம், வங்கிக் கணக்கு, அடையாள ஆவணம் ஆகிய மூன்றிலும் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றுபோல இல்லாவிட்டால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். தேவையானால் முதலில் வங்கிக்குச் சென்று பெயரைச் சீராக்குங்கள். புனைபெயர் நூலின் அட்டைக்கு மட்டும்; கணக்கு உண்மைப் பெயரில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது வரி நேர்காணல் எனப்படும் இணையப் படிவம். அமெரிக்காவில் நடக்கும் விற்பனையில் உங்களுக்குச் சேரும் பங்கான உரிமத்தொகையில் 30 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்வது பொது விதி. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை இருப்பதால், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழங்கிய உங்கள் வரி செலுத்துவோர் அடையாள இலக்கத்தைப் படிவத்தில் கொடுத்தால் அது 10 சதவீதமாகக் குறையும். அந்த இலக்கத்தை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

பணம் எந்த வழியில் வரும் என்பதை நூலை ஏற்றுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். காசோலை அல்லது வயர் எனப்படும் வங்கிப் பணமாற்று முறையென்றால் 100 டொலர் சேரும்வரை அனுப்பமாட்டார்கள். எந்த முறையானாலும், விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாட்களின் பின்னரே பணம் வரும். இந்தத் தாமதத்தைக் கண்டு லண்டனிலுள்ள மைத்துனரின் பெயரில் கணக்கைத் திறக்கச் சொல்லும் ஆலோசனை எல்லோருக்கும் கிடைக்கும். அப்படிச் செய்தால் வருமானமும் அதற்கான வரிப் பொறுப்பும் அவருடையதாகிவிடும், நூலின் மீதான கட்டுப்பாடும் உங்கள் கையில் இராது.

விலையைப் பற்றி: 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடையில் விலை வைத்தால் 70 சதவீத உரிமத்தொகையைத் தெரிவுசெய்யலாம்; அது குறிப்பிட்ட சில நாடுகளில் நடக்கும் விற்பனைக்கு மட்டுமே, எஞ்சிய நாடுகளுக்கு 35 சதவீதம்தான். 70 சதவீதத் தெரிவில் கோப்பின் ஒவ்வொரு எம்பிக்கும் 0.15 டொலர் விநியோகச் செலவாகக் கழிக்கப்படும். 5 எம்பி அளவுள்ள நூலை 2.99 டொலருக்கு விற்றால் 0.75 டொலர் கழிந்து, எஞ்சிய 2.24இன் 70 சதவீதமான 1.57 டொலர் அளவே வரும். 35 சதவீதத் தெரிவில் இந்தக் கழிவு இல்லை. ஆனால் கோப்பு 3 எம்பியைத் தாண்டினால் ஆகக் குறைந்த விலை 1.99 டொலர், 10 எம்பியைத் தாண்டினால் 2.99 டொலர். விழாப் படங்களைத் தொலைபேசியிலிருந்து எடுத்த அதே அளவில் நூலுக்குள் செருகினால் இழப்பு உங்களுக்குத்தான். படங்களின் அகலத்தை 1200 படப்புள்ளிகளுக்குக் குறைத்துவிடுங்கள்.

‘கேடிபி செலக்ட்’ என்ற பெட்டியை அவசரத்தில் தெரிவுசெய்துவிடாதீர்கள். அதைத் தெரிவுசெய்தால் 90 நாட்களுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் நீங்களே பகிர்ந்த பிடிஎஃப்பும் அதில் அடங்கும். பன்னாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கு அனுமதித்த வங்கி அட்டை இல்லாத எங்களூர் வாசகருக்கு நீங்கள் ஈபப்பை நேரடியாக விற்று, பணத்தை வங்கியில் வைப்புச் செய்யச் சொல்வதென்றால், இந்தப் பெட்டி உங்களுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

ஏற்றிய நூல் பரிசீலனைக்குப் பின் 72 மணித்தியாலங்களுக்குள் பொதுவாக விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும் முன், குறைந்தது ஒரு கிழமை இடைவெளி வையுங்கள்.

8. இலவசமாகக் கொடுக்க விரும்பினால்

விற்பனை நோக்கமில்லாத ஊர் வரலாறு, கோயில் மலர், கூத்து ஏடு போன்றவற்றுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் பொருத்தமான இடம். ஈழத்து ஆவணங்களைத் தேடுவோர் முதலில் செல்வது அங்கேதான். உரிமையாளரின் அனுமதியுடன் கொடுக்க வேண்டும் என்பதால் 2ஆம் படியில் வாங்கிய ஒப்பங்கள் இங்கும் உதவும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தினர், எவரும் படியெடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறார்கள். அந்த உரிமத்தைக் கொடுத்தபின் மீளப்பெற முடியாது. வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதா இல்லையா என்பதை வாசித்துத் தெரிவுசெய்யுங்கள்.

9. திருத்தங்களைத் தொடருங்கள்

மின்னூலில் பிழை கண்டால் மறுபதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திருத்திய ஈபப்பைக் கேடிபியில் மீண்டும் ஏற்றலாம், கட்டணமில்லை. ஏற்கெனவே வாங்கியவரின் கருவியில் அது தானாக மாறிவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். கோப்பின் பெயரில் திகதியைச் சேர்த்துவையுங்கள். யுனிகோட் மூலத்தையும் ஈபப்பையும் ஒப்பமிட்ட அனுமதித் தாள்களின் ஸ்கேன் பிரதிகளையும் கூகுள் டிரைவில் ஒன்றும், வேறொருவர் வீட்டில் உள்ள பென் டிரைவில் ஒன்றுமாக வைத்திருங்கள். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் அலுமாரியின் கீழ்த்தட்டு நனைந்தாலும் அடுத்த பதிப்பைத் தொடங்க அவை போதும்.